சிநேகிதனுக்கு ஒரு வேண்டுதல்

சம்பந்தத்தின் ஹார்டுவேர் கடைக்குள் வந்ததும் பானையிலிருந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் பொன்னுரங்கம்.

“சனிக்கிழமை காலைல என்கூட திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்கு வா. ஒரு சிநேகிதனுக்கு ஒடம்பு சரியில்ல. டாக்டர்னு சொன்னாலே எரிஞ்சு விழறான். அவனுக்காக வேண்டிக்கினு கீறேன்” என்றார் சம்பந்தம்.

“அவனை இழுத்துக்கினு போய் டாக்டர்கிட்ட காட்டறதை வுட்டுட்டு வேண்டுதலாம்! யாருப்பா அவன்?”

“உனக்குத் தெரிஞ்சவன்தான். சனிக்கிழமை சொல்றேன். ராத்திரி சாப்பாட்டோட சரி. காலைல காபி கூட குடிக்காம வெறும் வயித்தோட வரணும்.”

“தண்ணி?”

“அது குடிக்கலாம்.”

“சரி, வரேன்.”

சனிக்கிழமை பீர்க்கன்கரணையிலிருந்து இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினார் சம்பந்தம்.

“இங்க இன்னாத்துக்கு?”

“நானும் மூணு மாசமா பாக்கறேன். சொம்பு சொம்பா தண்ணி குடிக்கறே. நிமிசத்துக்கு ஒருதரம் ஒண்ணுக்குப் போறே. சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சு. சர்க்கரையா இருக்குமோன்னு பயமா கீது. டெஸ்டுக்குக் கூப்பிட்டா நீ வருவியா?”

பொன்னுரங்கம் வண்டியிலிருந்து இறங்கினார். “அப்போ பெருமாள் பேரைச் சொன்னது பொய்யா?”

“வேண்டினது நிஜம். ரத்தம் குடுத்துட்டு, சாப்பிட்டுட்டு, மலைக்குப் போறோம். வெறும் வயிறு மட்டும் பெருமாள் கேக்கல, டெஸ்டு கேட்டுச்சு.”

உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நோட்டைத் திறந்தாள். “யாருக்கு சார் டெஸ்ட்?”

சம்பந்தம் வாயைத் திறப்பதற்குள் பொன்னுரங்கம் சட்டைக் கையைச் சுருட்டினார்.

“இவரோட சிநேகிதனுக்குத்தாம்மா. டாக்டர்னு சொன்னாலே எரிஞ்சு விழுவான். நல்லவேளை, இழுத்துக்கினு வந்துட்டாரு.”