நாற்பத்து நான்கு தோட்டாக்கள்

டக்... டக்... டக்... சமையலறை முழுக்கச் சுத்தியல் சத்தம். மகன் டிராவிஸைப் புதைத்து எட்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் வெர்லின் மேஜை மேல் தோட்டாக்களைக் கொட்டி, ஈயத்தையும் வெடிமருந்தையும் தனித்தனியாகப் பிரிக்க உட்கார்ந்துவிட்டான்.

வாசலில் நின்று பார்த்த தம்பி ராய்ஸுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, இன்னைக்குக்கூடவா மிச்சம் பிடிக்கணும்?"

வெர்லின் அப்படிப்பட்டவன்தான். டயர் கடையில் சக்கரத்திலிருந்து கழற்றிப்போட்ட ஈயக் கட்டிகளைக் கெஞ்சி வாங்கி வந்து, கொட்டகையில் உருக்கித் தானே குண்டு வார்ப்பான். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி மறுபடி மருந்து ரொப்புவான். கடையில் முப்பது டாலர் விற்கும் பெட்டி தனக்கு ஐந்தே டாலர் என்று சர்ச் வாசலில்கூடப் பீற்றிக்கொள்வான். ஐடஹோவின் அந்த மலையூரில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். ஆனால் இந்த அளவுக்குக் கஞ்சன் வேறு யாருமில்லை.

வெர்லின் நிமிரவில்லை. "மிச்சம் பிடிக்கலடா. டிராவிஸ் எடுத்துட்டுப் போன பெட்டி இது. ஷெரீப் ஆபீஸ்ல முந்தாநாள்தான் திருப்பிக் கொடுத்தாங்க."

ராய்ஸ் மெல்ல நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஐம்பதில் ஆறை மட்டும் ரிவால்வரில் போட்டுக்கொண்டு, ஜல்லிக் குழியில் தகர டப்பாக்களைச் சுடப் போனான் டிராவிஸ். ஐந்து ஒழுங்காக வெடித்தன. ஆறாவதில் ரிவால்வரே வெடித்துச் சிதற, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அங்கேயே போய்விட்டான்.

"துப்பாக்கி ரொம்பப் பழசுண்ணே. இரும்புல விரிசல் இருந்திருக்கலாம்னு அவங்களே சொன்னாங்கல்ல?"

"இருந்திருக்கலாம். இல்ல, நான் ரெட்டை மருந்து போட்டிருக்கலாம்." வெர்லின் சுத்தியலைக் கீழே வைத்தான். "மருந்து அளக்கிற மெஷின் சில சமயம் தொண்டையில அடைச்சுக்கும். ஒரு கூட்டுல விழவே விழாது. அடுத்த கூட்டுல ரெண்டு பங்கும் சேர்ந்து விழுந்துடும். அதுக்குத்தான் குண்டை அமுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். அன்னைக்குப் பார்த்தேனா இல்லையான்னு ஞாபகமே வரலடா."

"அதை இப்ப எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"மீதி நாப்பத்தி நாலு இருக்கு. இதுல ஒண்ணு காலியா இருந்தா, அதோட பங்கு எம் புள்ள கைக்குப் போயிருக்குன்னு அர்த்தம். வேணும்னா உங்க அண்ணியைக் கேளு. குளிர்காலம் பூரா கொட்டகையில கூட உட்கார்ந்து ரொப்புறவதானே, அவளுக்கும் தெரியும்."

வெர்லினின் மனைவி நடீன் தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்த கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பாரேன் வெர்லின். எட்டு நாளா வெறும் காப்பியிலயே ஓட்டிட்டிருக்கே."

"பார்த்துட்டுச் சாப்பிடுறேன்."

தோட்டா பிரிக்கவென்றே தலையில் பொந்து வைத்த அந்தச் சுத்தியலில் ஒவ்வொரு தோட்டாவாகச் செருகி வெர்லின் மரக்கட்டையில் தட்டுவான். நாலைந்து தட்டில் குண்டு கழன்று விழும். மருந்தைத் தராசில் கொட்டி, "சரி" என்பான். ராய்ஸ் தாளில் ஒரு கோடு போடுவான்.

முப்பத்தொன்றாவது ஒரே தட்டில் கழன்றுகொண்டது.

"என்னண்ணே, இது மட்டும் இவ்வளவு லேசா வருது?"

"சரியா அமுக்காம விட்டிருப்பேன்." மருந்தைக் கொட்டிப் பார்த்தான். முள் அளவில் நின்றது. "சரி."

கடைசித் தோட்டாவை வெர்லின் தம்பியிடம் நீட்டினான். ராய்ஸ்தான் வாங்கித் தட்டினான், அவனே தராசில் கொட்டினான். முள் ஆடி ஆடி நிற்கும்வரை மூன்று பேரும் மூச்சுவிடவில்லை.

"சரியா இருக்குண்ணே. நாப்பத்தி நாலும் சரியா இருக்கு."

வெர்லின் மேஜையில் முகம் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கல்லறையில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன். "நான் இல்லடா... எம் புள்ளைய நான் கொல்லலடா..."

நடீன் தட்டில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துக் கொடுத்தாள். அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தவன், அடுத்த நிமிடமே குறட்டை விட ஆரம்பித்தான்.

கழுவிய தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க ராய்ஸும் நடீனும் வெளியே நின்ற வண்டியில் ஏற்றினார்கள். உச்சி வெயிலிலும் காற்று சில்லென்றிருந்தது. ராய்ஸுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது.

"கடவுள் கண் திறந்துட்டார் அண்ணி. ஒண்ணே ஒண்ணு காலியா இருந்திருந்தாலும் அண்ணன் பிழைச்சிருக்க மாட்டான்."

நடீன் ஜன்னல் வழியாக, புருஷன் நன்றாகத் தூங்குகிறானா என்று எட்டிப் பார்த்தாள். எட்டு நாளாக இறுகிக் கிடந்த அவள் முகம் அப்போதுதான் உடைந்தது.

"ஒண்ணு காலியாத்தான் இருந்துச்சு ராய்ஸ், நேத்து நான்தான் ரொப்பி வச்சேன்."