கடைசிச் சந்தாதாரர்

கைபேசியில் செய்தி வாசித்துக் காட்டும் சேவையை நிறுவனம் மூடிக்கொண்டிருந்தது. அறிவிப்புக்குப் பதில் அனுப்பாத வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லியாக வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்காகப் பிலோமினாவை மட்டும் வேலையில் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். நாற்பது நாற்காலிகள் காலியாகக் கிடந்த கூடத்திலிருந்து அவள் பட்டியலின் கடைசிப் பெயரான காசிலிங்கத்தை அழைத்தாள்.

"ஐயா, முப்பதாம் தேதியோட சேவை நின்னுடும். உங்க விவரமெல்லாம் அழிச்சிடுவோம்."

"அது கெடக்கட்டும்மா. எனக்குக் கண்ணு தெரியாது. ஆறு வருசமா காலையில செய்தி வாசிக்குற பொண்ணுதான் வீட்டுல கேக்குற ஒரே குரல். அதுக்கு வேற வேல கெடச்சுதா?"

அது கணினி உண்டாக்கிய குரல். மனிதர் வாசிப்பதாகச் சொல்லிச் சந்தா வாங்கியிருந்ததால், அப்படி ஒப்புக்கொண்டால் வழக்கு வரும், வாயே திறக்காதீர்கள் என்று சட்டப் பிரிவு எச்சரித்திருந்தது. பிலோமினா பொய் சொன்னது அதற்குப் பயந்து அல்ல.

"கெடச்சிடுச்சுங்கய்யா. நல்ல எடம்."

"நல்லாருக்கட்டும். உனக்குக் கெடச்சுதாம்மா?"

இந்த ஒரு மாதத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

"இன்னும் இல்லீங்கய்யா" என்றாள். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்திருந்தது. அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவரும் துண்டிக்கவில்லை.