சுவரிடம் ஒரு கேள்வி

பள்ளியின் கடைசி நாளில், ஏழு வருஷமாக எல்லாவற்றையும் பார்த்துவந்த வகுப்பறைச் சுவரிடம் ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம். சுவர் பொய் சொல்லாது. நறுமுகை எட்டாம் வகுப்பிலிருந்தே கேள்வியைத் தயாராக வைத்திருந்தாள்: வியாழக்கிழமைதோறும் என் புளியோதரையைத் தின்றது யார்?

அவள் எழுந்ததுமே கடைசி பெஞ்சில் தாவீது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவன் ஒருநாளும் டிபன் பாக்ஸ் கொண்டுவந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாங்க ரொம்ப நேரம் சிரிச்சது என்னைக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

சுவர் அந்த நாளை ஓட்டிக் காட்டியது. வகுப்பே மறுபடி விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு எல்லோரும் ஒருவர் சட்டையில் ஒருவர் பேனாவால் எழுதிக்கொண்டார்கள். வீட்டில் நறுமுகையின் சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, கைப்பக்கம் இருந்ததைப் படித்தாள்: 'வியாழக்கிழமைகளுக்கு நன்றி. உப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. தாவீது.'

"யாருடி இவன்?" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. உப்பு ஜாஸ்தின்னு எம்முன்னாடி சொல்லட்டும்."