விலாவுக்கு விலா

"எம்மெட், அந்த கிளைடு விலாவுல ஒண்ணு போடு. ஒண்ணே ஒண்ணு. போதும்."

கோச் ஆர்வில் இதை ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் ஆர்விலின் ரகசியம் மைதானத்தைத் தாண்டி, சோளக்காட்டில் நிற்பவனுக்கும் கேட்கும்.

எம்மெட் பந்தைக் கையில் உருட்டினான். "நான் வேணும்னு யாரையும் அடிச்சதில்ல கோச்."

"யார்கிட்ட கதை விடற? இந்த சீசன்ல மட்டும் ஏழு பேரு. போன வாரம் நீ போட்ட போடுல அந்த போஸ்ட்மேன் இன்னும் நொண்டிக்கிட்டே தபால் குடுக்கறான்."

"அது கை தவறிப் பட்டது."

"ஏழு தடவையும் தவறுமா? வேணும்னு அடிச்சவன் எவன்டா இதுவரைக்கும் ஒத்துக்கிட்டான்?"

மின்னசோட்டாவின் அந்த இரண்டு சிற்றூர் பேஸ்பால் அணிகளுக்கும் நடுவே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எங்கள் ஆளை நீ பந்தால் அடித்தால், உன் ஆளை நாங்கள் அடிப்போம். மூன்றாவது இன்னிங்ஸில் கிளைடு வீசிய பந்து ஆர்விலின் செல்லப்பிள்ளை ராயின் விலாவைப் பதம் பார்த்திருந்தது. "நழுவிடுச்சுப்பா" என்று இளித்தான் கிளைடு. ஆர்விலுக்கு அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

இப்போது கடைசி இன்னிங்ஸ். ஆர்வில் அணி ஆறு ரன் முன்னால் இருந்தது. இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. அந்த ஒருவன் கிளைடேதான். மட்டையைச் சுழற்றிக்கொண்டே வந்தான்.

"அம்பயர் என்னை வெளியே அனுப்பிடுவாரே கோச்?"

"அனுப்பட்டும். நீ போனா டீமுக்குக் கையா ஒடிஞ்சிடும்? அதுக்குத்தானே உன்னை பெஞ்சுலேர்ந்து எழுப்பினேன். அடிச்சியா, அடுத்த வருஷமும் நீ நம்ம ஆளு. இல்லியா, டீம் சட்டையைக் கழட்டி இங்கேயே வச்சிட்டுப் போ."

எம்மெட்டின் முகம் சுண்டிவிட்டது. இரண்டு வருடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய சட்டை அது.

"சரி கோச்."

கிளைடும் லேசுப்பட்டவன் இல்லை. அடி நிச்சயம் என்று தெரிந்து, மட்டை வீசுவதை மறந்துவிட்டு விலாவைத்தான் காத்துக்கொண்டு நின்றான். எம்மெட் கையை ஓங்கியதும் ஒரே துள்ளாகப் பின்னால் துள்ளினான். பந்து மட்டைக்காரன் எதிரே தரையில் பதித்த ஹோம் பிளேட்டின் நட்டநடுவே போய், பின்னால் குந்தியிருந்த கேட்சரின் கையுறையில் விழுந்தது.

"ஸ்ட்ரைக்!" என்றார் அம்பயர். அடிக்க வேண்டிய பந்தை இப்படி மூன்று தடவை கோட்டைவிட்டால் ஆள் அவுட்.

ஆர்விலுக்கு நம்ப முடியவில்லை. 'பயல் பயந்துட்டான்' என்று பல்லைக் கடித்தார்.

இரண்டாவது பந்து. கிளைடு இன்னும் உயரமாகத் துள்ளினான். பந்து மறுபடியும் நட்டநடுவே. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆர்வில் தொப்பியைத் தரையில் அடித்தார்.

மூன்றாவது பந்துக்கு, சிரிப்பைத் தாங்க முடியாத கிளைடு ரோஷத்தோடு காலை ஊன்றி மட்டையை வீசினான். காற்றைத்தான் அடித்தான். அவுட். ஆட்டம் முடிந்தது.

எம்மெட்டை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம் என ஆர்வில் பாய்ந்து வந்தார். அதற்குள் கிளைடு வந்து எம்மெட்டின் முன்னால் தொப்பியைக் கழற்றினான்.

"நான் ராயை அடிச்சது வேணும்னுதான். நீ என்னை அடிச்சிருக்கலாம், அடிக்கல. பெரிய மனசுப்பா உனக்கு." சொல்லிவிட்டு நேராக ராயிடம் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான்.

இரண்டு ஊர் ஜனமும் எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு நல்லவனையா சட்டையைக் கழற்றச் சொன்னோம் என்று ஆர்விலுக்கு வெட்கமாக இருந்தது.

"நான் அடிக்கச் சொல்லியும் நீ அடிக்கலியேடா! நீதான்டா மனுஷன். அடுத்த வருஷம் முதல் ஆட்டத்துல முதல் பந்து நீதான் போடற!"

எம்மெட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தான். "மூணு பந்தையும் அவன் விலாவுக்குக் குறி வச்சுதான் கோச் போட்டேன்."

ஆர்வில் சட்டென்று அவன் வாயைப் பொத்தினார். "மூச்சு விடாதே! இனிமே எவன் வந்தாலும் விலாவுக்கே குறி வை!"