மைக்கை அணைத்தவர்

பேசிக்கொண்டிருக்கும்போதே மைக் அணைந்தது. தலைவி திரும்பிப் பார்த்தார். மேடை ஓரத்தில், சுவிட்சின் மேல் கை வைத்தபடி நின்றிருந்தார் சங்கத்தின் செயலாளர்.

அவருக்கு உறுப்பினர்கள் வைத்த பெயர் 'கடிகாரம்'. நேரம் தாண்டிப் பேசுகிறவர் எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் மைக்கை அணைத்து உட்கார வைத்துவிடுவார். ஆனால் தலைவியிடம் அந்த வேலையைக் காட்டுவது இதுதான் முதல் தடவை.

"என் நேரம் இன்னும் முடியலயே" என்றார் தலைவி.

"போதும்க்கா. உக்காருங்க."

தலைவிக்கு ரத்தம் தலைக்கேறியது. பேச்சுப் பயிற்சியாளர்களும் செவித்திறன் நிபுணர்களும் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு அது. அத்தனை பேர் முன்னால் இப்படியா?

சல்லிக்காசு சம்பளம் கிடையாத பதவிதான். விடுமுறை நாட்களையெல்லாம் விழுங்கிவிடும். "இதுக்குப் போயா இப்படி மல்லுக்கட்டறே?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவருக்கென்ன தெரியும்? பிறக்கிற குழந்தை ஒவ்வொன்றுக்கும், மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போகும் முன்பே, காது கேட்கிறதா என்று சோதித்துவிட வேண்டும். அதற்காக ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டுப் பேச வேண்டும். தலைவி தூக்கம் கெட்டுத் தயாரித்த திட்டம் அது. இன்றைய தலைவர் தேர்தலில் மறுபடி ஜெயித்தால் அடுத்த வாரமே கிளம்பிவிடலாம்.

நேற்று வரை போட்டியே இல்லை. இன்று காலையில்தான் கடிகாரம் சத்தமில்லாமல் மனு கொடுத்திருந்தார்.

யோசித்துப் பார்த்தால் இது இன்று முளைத்ததில்லை. "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்று போன மாதமே தேன் தடவிப் பேசினார். தலைவி சிரித்து ஒதுக்கினார். மறுபடியும் வந்து ஆரம்பித்தபோது முழுதாகச் சொல்லவிடவில்லை. "என் நாற்காலி மேல கண்ணா உனக்கு?" என்று எகிறிவிட்டார். அதற்குப் பிறகு கடிகாரம் வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவு உள்நோக்கம் இருந்திருக்கிறது. சரி, விடக்கூடாது.

தலைவி விடுவிடுவென்று போய்த் தானே சுவிட்சைப் போட்டார். "மன்னிக்கணும், காலைலேர்ந்து இந்த மைக் கரகரன்னு இழுக்குது" என்று அதை இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆவேசமாகப் பேசி முடித்தார்.

அரங்கத்தில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. முன்வரிசையில் இருந்த பொருளாளர், கல்லூரி விடுதியில் தலைவியோடு ஒரே அறையில் கிடந்த தோழி, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து கடிகாரம் அதே மைக்கின் முன்னால் வந்தார்.

"அக்காவோட திட்டத்துல ஒரு எழுத்துகூட மாறாது. ஊர் ஊராப் போய்ப் பேசறது மட்டும் நானா இருப்பேன். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

கணீரென்ற பேச்சு. கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது. தலைவிக்கோ அது பொறுக்கவில்லை. பார்த்துப் பார்த்து இவர் வீட்டைக் கட்டுவாராம், அவன் வந்து குடியேறுவானாம்.

வாக்கெடுப்பு வழக்கம்போல் கையைத் தூக்கித்தான். தலைவிக்கு ஆதரவாக, அப்போதுதான் உள்ளே வந்து கதவோரம் நின்ற நாலைந்து பேர் கை தூக்கினார்கள். கடிகாரத்துக்கு என்றதும் மற்ற எல்லாக் கைகளும் எழுந்தன. கடைசியாக எழுந்தது பொருளாளரின் கை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நீயுமாடி?" என்றார் தலைவி.



அந்தச் சங்கத்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள். காதுக்கருவி மாட்டியவர்களுக்குக் கைதட்டல் இரைச்சலாக இருக்கும் என்பதால், இரண்டு கைகளையும் உயர்த்தி அசைப்பதுதான் அங்கே பாராட்டு. இப்போது அரங்கமே எழுந்து நின்று கைகளை அசைத்தது. ஜெயித்தவரைப் பார்த்து அல்ல, தலைவியைப் பார்த்து.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறார்களா? தலைவி கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார். வாசலில் கடிகாரம் ஓடிவந்து வழிமறித்தார்.

"இப்போ திருப்தியா? கூடவே இருந்து முதுகுல குத்திட்டியே."

"திட்டுங்க, அப்புறம். கீழ கார் நிக்குது. தொண்டை டாக்டர் உங்களுக்காகவே இன்னிக்கு லீவு நாள்லயும் க்ளினிக்கைத் திறந்து வெச்சிட்டு உக்காந்திருக்கார். உங்க தோழியும் கூட வர்றாங்க."

"எனக்கு எதுக்குத் தொண்டை டாக்டர்? எனக்கென்ன வந்துச்சு?"

கடிகாரத்தின் கண்கள் கலங்கின. பின்னாலேயே வந்து நின்ற தோழி தலைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உங்க குரல் உடைஞ்சு ரெண்டு மாசமாச்சு. இங்க அது உங்க ஒருத்தருக்குத்தான்க்கா கேக்கல."