கேட்டே ஆகவேண்டிய கேள்வி

"அந்தக் காகிதத்தை வாபஸ் வாங்கிக்கக் கூடாதா, மிஸ்டர் ஹோலிஸ்?"

ஜட்ஜம்மா ஒடெஸா டில்மன் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. பதினோரு வருஷமாக அவருக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் கிளார்க் நான்.

அரசு வக்கீல் ஹோலிஸுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. "மேலிடத்து முடிவுங்க, யுவர் ஆனர்," என்றான்.

காகிதம் ஒரே பக்கம்தான். எதிரே தண்டனைக்காக நிற்கும் லவெல் கெய்ன்ஸ், பத்தொன்பது வயதில் ஒரு போதைமருந்து வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் என்று இருக்கிறது.

அந்தக் காகிதம் இல்லாவிட்டால் இப்போதைய வழக்குக்குக் குறைந்தது பத்து வருஷம் ஜெயில். இருந்தால் இருபது. கொடுப்பதும் எடுப்பதும் அரசு வக்கீல் இஷ்டம். ஜட்ஜால் ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது.

முன்வரிசையில் லவெலின் மகள் காலாட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வயசு. பத்து என்றால் இவள் பள்ளி முடிப்பதற்குள் வந்துவிடுவான்.

ஜட்ஜம்மாவுக்குப் பேர்தான் பெத்த பேர். ஏழைகளுக்கு வாதாடும் இலவச வக்கீலாக ஆரம்பித்து, மாஜிஸ்ட்ரேட் ஆகி, ஜனாதிபதி பேர் சொல்லி, செனட் கைதூக்கி, ஆயுள் முழுக்கப் பதவி. அசைக்க ஆள் கிடையாது. அட, என்ன பிரயோஜனம்?

தண்டனைக்கு முன்னால் ஜட்ஜ் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். பழைய குற்றம் தன்னுடையதுதான் என்று லவெல் வாயாலேயே வரவேண்டும். இத்தனை பழைய தீர்ப்பைத் தப்பென்று இனி வாதாடவும் முடியாது. சும்மா ஒரு சம்பிரதாயம்.

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பதினாலு வருஷத்துக்கு முன்னாடி, கவுண்டி கோர்ட்டுல, அந்தக் குற்றத்த ஒத்துக்கிட்டது நீங்கதானா, மிஸ்டர் கெய்ன்ஸ்?"

"ஆமாம்மா." லவெல் சிரித்தான். "மறந்துட்டீங்களா? நீங்கதானே என் வக்கீல். ஒத்துக்கோ, ஜெயிலு கிடையாது, இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்னீங்க. போனேனே! அம்மா மீன் வறுத்து வச்சிருந்தாங்க."

அந்தக் காலத்தில் அவர் கையில் நானூறு வழக்கு. யார் முகம் நினைவிருக்கும்?

ஹோலிஸ் மெதுவாக எழுந்தான். வேண்டுமானால் வேறு ஜட்ஜுக்கு மாற்றலாம் என்றான்.

"மாத்தினா? இருபது பத்தொம்பது ஆயிடுமா?" என்றார் ஜட்ஜம்மா.

அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஜட்ஜம்மா குனிந்து என்னைப் பார்த்தார், நான் ஏதாவது செய்துவிட முடியும் என்பதுபோல.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். 'ஒப்புக்கொண்டார்' என்பதில் டிக் அடித்தேன்.