கிலோ விலை ரிஞ்சு

"நூத்தம்பதுல ஒரு பைசா குறையாது. வேணும்னா எடு, இல்லன்னா வழியை விடு."

பழைய இரும்புக் கடை அலமாரியில் தொங்கிய பைப் ரிஞ்சைக் காட்டி, கடைக்காரர் சௌந்தரபாண்டியன் சொன்ன விதத்தில், ஸ்பேனர் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு லாரி மெக்கானிக்குகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

இடுப்பில் இருந்த நாலு வயது மகள் பூங்கொடியைக் கீழே இறக்கிவிட்டாள் இசக்கிச்செல்வி.

"பழைய சாமான்தானே அண்ணாச்சி. புதுசே முந்நூறுதான்."

"அப்ப புதுசு வாங்கு."

"இருந்தா வாங்க மாட்டனா? கிணத்துக் குழாய் அடியில இருக்க புட்வால்வு போச்சு. கழத்த ரிஞ்சு இல்லாம எங்க வீட்டுக்காரவிய கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்காவ. மிளகா நாத்து நட்டு நாலு நாளாச்சு. நாளைக்குத் தண்ணி பாயலன்னா அம்புட்டும் காஞ்சிரும்."

மெக்கானிக் ஒருவன் சிரித்தான். "எக்கா, அண்ணாச்சி சொந்த மச்சினனுக்கே அஞ்சு ரூவா குறைக்க மாட்டாரு."

"ஏலே, வந்த வேலையைப் பாரு" என்றார் சௌந்தரபாண்டியன். அவள் பக்கம் திரும்பினார். "குறைஞ்ச விலைக்கு வேணும்னா வெளிய குவியல்ல பாரு. அங்கன கிடக்கதெல்லாம் கிலோ பன்னெண்டு."

முந்தானை முடிச்சில் எண்பது ரூபாய்தான். அதிலும் பஸ்ஸுக்கு வேண்டும். ஏர்க்கொழு அடிக்க இரும்புப் பட்டையாவது வாங்கிக்கொண்டு போவோம் என்று, மகளைக் கூட்டிக்கொண்டு குவியலுக்குப் போனாள்.

லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்றை இழுத்தாள். இன்னொன்றை இழுத்தபோது அடியில் ஒரு பிடி தெரிந்தது. முழு பைப் ரிஞ்சு.

கணவன் மாரிராஜ் சொல்லி அனுப்பியது இரண்டே விஷயம். பல் தேய்ந்திருக்கக் கூடாது, பிடி வளைந்திருக்கக் கூடாது. விரலால் தடவினாள். பல் கூர்மையாக இருந்தது. பிடியும் நேர்தான். குழாயைக் கவ்வும் தாடை மேல் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. அதை வீட்டில் போய்ப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் ரிஞ்சு என்று தெரிந்தால் அந்த மனுஷன் அலமாரி விலை கேட்பாரே.

பக்கத்தில் ஒரு டப்பாவில் கரி ஆயில் கசடு கிடந்தது. அள்ளி ரிஞ்சு முழுக்க அப்பினாள். இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் வைத்துச் சாக்குக் கயிற்றால் கட்டினாள்.

"யம்மா, ஏன் அதுக்கு மட்டும் மை பூசுத?"

"வாயை மூடுட்டி."

மூன்றையும் கட்டோடு தராசில் வைத்தாள். சௌந்தரபாண்டியன் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் பட்டைதானா?"

"ஆமா அண்ணாச்சி. கொழு அடிக்கதுக்கு."

"நடுவுல இருக்கதுக்கு எங்கம்மா மை பூசிச்சு" என்றாள் பூங்கொடி.

இசக்கிச்செல்வி மகளின் கையைக் கிள்ளினாள். சௌந்தரபாண்டியன் மணிக்கட்டு வரை கறுத்திருந்த அவள் கையைப் பார்த்தார். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவர் படிக்கல்லை எடுத்து வைத்தார்.

"அஞ்சு கிலோ. அறுவது ரூவா."

சரியாக அறுபதை எண்ணி வைத்தாள். அவர் மேஜை டிராயரை இழுத்து எதையோ துழாவத் தொடங்கினார். "செத்த நில்லு" என்றார்.

அவள் நிற்கவில்லை. ஒரு கையில் கட்டு, ஒரு கையில் பிள்ளை. பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

கழுகுமலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டிய இரும்பைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, காலால் மறைத்துக்கொண்டாள். பஸ் கிளம்புகிற பாடில்லை.

"யம்மா, அந்தக் கடைத் தாத்தா வாராரு."

"அங்கன பாக்காதட்டி."

டி.வி.எஸ். வண்டிச் சத்தம் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது.

"ஏ தாயி."

அவள் எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

"யம்மா, உன்னத்தான் கூப்பிடுதாரு" என்றார் கண்டக்டர். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, நான் பட்டைன்னு நெனச்சுத்தான்..."

அவர் காதில் வாங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். உள்ளங்கையில், எண்ணெய் போட்டுத் துடைத்த ஒரு இரும்பு வளையம்.

"ரிஞ்சுத் தாடையை ஏத்தி இறக்குத மரை. இது இல்லாட்டா தாடை நிக்காது, அதான் கம்பி சுத்திக் கிடக்கு. சாமான் வெளிய கிடக்குல்லா, எவனும் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு நல்ல ரிஞ்சுல எல்லாம் இதைக் கழத்தி உள்ள வச்சிருவேன். தேடி எடுக்கதுக்குள்ள நீ ஓடிட்ட."

பூங்கொடி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "அப்பாட்ட குடு பாப்பா, கீழ போட்டுராத" என்றார்.

கண்டக்டர் விசில் ஊதினார். சௌந்தரபாண்டியன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ரெண்டு பயலுவ முன்னால அலமாரி விலையைக் குறைக்க முடியாது தாயி. குறைச்சா நாளைக்கு அவனுவளும் வந்து நிப்பானுவ. அந்த ரிஞ்சு நேத்துதான் வந்துச்சு, இன்னும் அலமாரிக்கு ஏத்தல. அதான் உன்னக் குவியல்ல பாக்கச் சொன்னேன்."

பஸ் நகர்ந்தது.

"மை பூசாமலே எடுத்தாந்திருக்கலாம். அங்கன கிடக்கதெல்லாம் கிலோ பன்னெண்டுன்னு சொல்லித்தானே அனுப்பினேன்."